ஆள் வரேக்க குடுத்துவிடுறன்

என் பிள்ளைக்கு,

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நீ ரெலிபோன் எடுத்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் ஒரு மறுமொழி சொன்னேன். அந்த மறுமொழியைத் திருப்பி எடுத்துக்கொள்ளத்தான், உரித்த வெண்காயத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, இந்தக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு நேரே வந்தே சொல்லலாமே என்று நீ நினைப்பாய். நேரே வந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியாதா? வாசலில் கால் வைத்தவுடனேயே, உன் கால் ஏன் வீங்கியிருக்கிறது, இந்த வெயிலில் ஏன் உடுப்புத் தோய்த்தாய், உன் மனுசன் ரூபன் ஏன் ஒரு வாளித் தண்ணீர் தூக்கித் தருவதில்லை என்று தொடங்கிவிடுவேன். சொல்ல வந்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லி, ஒரு சண்டையும் பிடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். என் வாய் அப்படி. பேனையைப் பிடித்தால் கொஞ்சம் அடங்கும்.

“அம்மா, லெப்டொப் இப்பவே வாங்கவோ, இல்லாட்டிப் பொறுக்கவோ?” என்று கேட்டாய். நான் ஒரு மூச்சுக்கூட யோசிக்கவில்லை. “பொறு பிள்ளை. ஆரும் ஆள் வரேக்க குடுத்துவிடுறன் எண்டு அண்ணா சொன்னவன்தானே. கனடாவில மலிவும், நல்ல சாமானும். ஏன் இஞ்ச வீணாக் காசைக் குடுக்க வேணும்?” என்றேன். நீ “ஓமம்மா. சரி, வைக்கிறன்” என்றாய். நானும் போனை வைத்துவிட்டுப் பருப்பைக் கிளறப் போனேன். அடுப்படியில் நிற்கும்போதுதான், உனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோதும் இதே சொல்லைத்தானே சொன்னேன் என்று நினைவு வந்தது. அன்றைக்குப் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அப்பா அதையே சாப்பிட்டார்.

உன் நிலைமை தெரியாமல் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் சொன்னேன். அந்தப் பழைய லெப்டொப்பில் இரண்டு எழுத்து விழுவதே இல்லை என்று தெரியும். கொஞ்ச நேரத்தில் சூடேறித் தானாக நின்றுவிடுகிறது என்று தெரியும். உனக்கு இது ஆறாம் மாதம். நீ புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் அச்சகத்து ஹாஜியார் சொன்னதையும் நீயே எனக்குச் சொன்னாய். “மகள், புள்ள பொறந்த பொறகும் இந்த வேல ஒங்களுக்குத்தான். ஊட்டுலயே இருந்து செய்யுங்க, எனக்கு வேல வந்தாச் சரி. ஆனா நல்ல மெஷின் ஒண்டு ஒங்ககிட்ட ஈக்கணும். ஜனவரிக்கு ஸ்கூல் பொஸ்தகம் போகணும், இந்த மாசத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க” என்றார். மெஷின் இல்லையென்றால் அவரும் வேறு ஒரு பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும். அவரைக் குறை சொல்ல முடியாது. நீயும் ரூபனும் சேர்த்து வைத்த காசு இருக்கிறது, என்னிடம் ஒரு சதம் நீ கேட்கவில்லை. என் சொல் ஒன்றைத்தான் கேட்டாய்.

போன மாதம் அச்சகத்துக்குப் பக்கத்துச் சந்தியில் உன்னை மறித்ததும் எனக்குத் தெரியும். நீ சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாய். ஆமிக்காரப் பொடியன் பையைத் திறந்து பார்த்துவிட்டு, “மேக்க ஒன் கரன்ன நங்கி” என்று, இதைப் போட்டுக் காட்டு தங்கச்சி என்று, தன்மையாகத்தான் சொன்னானாம். பற்றறி செத்த லெப்டொப்பை றோட்டில் வைத்து எப்படிப் போட்டுக் காட்டுவது? போட்டால் எரியாத மெஷினை ஒரு தமிழ்ப்பிள்ளை ஏன் தினமும் காவிக்கொண்டு திரிகிறாள் என்று அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்னும் இரண்டு பேர் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். வயிற்றுப் பிள்ளையோடு நீ வெயிலில் நிற்க, ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, “அபே லமயா, அபே லமயா” என்று, இது எங்கள் பிள்ளை என்று சொல்லிச் சொல்லி உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு அவர் கடையில் இல்லாமல் இருந்திருந்தால்? இந்தக் கதையைக் கேட்ட நானே உன்னைப் பொறு என்றேனே, எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை.

என்ன பிடித்தது என்று எனக்குத் தெரியும். வெள்ளவத்தை பிடித்தது. இல்லை, வெள்ளவத்தையைச் சொல்லிக் குற்றமில்லை, நாங்கள் இங்கே இருந்த இருப்புத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து இந்த வாடகை அனெக்ஸுக்கு நாங்கள் இரண்டு மாதத்துக்கென்றுதான் வந்தோம். கனடாவிலிருக்கும் உன் அண்ணா எங்களை ஸ்பொன்சர் செய்கிறான், கொழும்பில் இருந்தால்தான் விசா அலுவல் பார்க்கலாம் என்று வந்தோம். உனக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை. வந்த முதல் கிழமையே அப்பா ஒரு சட்டம் போட்டார்: சூட்கேசுக்குள் போகாத சாமான் எதுவும் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது. அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்த மனிதர், சட்டம் போட்டால் போட்டதுதான். பிரிட்ஜ் சூட்கேசுக்குள் போகாது, ஆகவே பிரிட்ஜ் இல்லை. வீட்டுக்கார அன்ரியின் பிரிட்ஜில் எங்களுக்கென்று ஒரு தட்டு. மீன்குழம்புச் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு மேல்மாடிக்கு ஏறிப்போக நீ எவ்வளவு வெட்கப்பட்டாய். அப்பாவுக்கு நாரி நோ வந்து, இடுப்பை நிமிர்த்த முடியாமல் ஒரு மெத்தை வாங்க வேண்டி வந்தபோதுகூட, போகும்போது நல்ல விலைக்கு விற்கலாம் என்று மேல் பொலித்தீனைக் கழற்ற விடவில்லை. அவர் புரண்டு படுத்தால் வீடு முழுக்கச் சரசரக்கும். நானும் நீயும் பாயில் படுத்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரிப்போம்.

நாங்கள் மட்டுமா அப்படி? எங்கள் ஒழுங்கையில் பாதி வீடு அப்படித்தான் இருந்தது. கண்டால் நலம் விசாரிப்பதே “எப்படி, அலுவல் ஏதும் சரிவந்ததோ?” என்றுதான். யாரும் திரைச்சீலை தைப்பதில்லை, யாரும் ஒரு ரோசாக் கன்றுகூட வைப்பதில்லை. எதைக் கேட்டாலும் அங்கே போய்ப் பார்ப்போம். பல்லுக் கட்டுவதா, அங்கே போய். கண்ணாடி மாற்றுவதா, அங்கே போய். அங்கேயிருந்து யாராவது வருவதாக இருந்தால், அவர்களிடம் கொடுத்துவிடச் சொல்வோம். அதைச் சிக்கனம் என்று நினைத்தேன் பிள்ளை. கெட்டிக்காரத்தனம் என்றும் நினைத்தேன். ஊரில் குண்டு விழுந்த வீட்டை விட்டு வந்த எங்களுக்கு, இனி ஒரு இடத்தில் சாமான் சேர்க்கப் பயம் என்று சொன்னாலும் அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பயம் உன்னுடையதல்லவே. உனக்கு அதை நாங்கள்தான் ஊட்டி வளர்த்தோம்.

நீ உயர்தரம் பாஸ் பண்ணி, காலி வீதியில் இருந்த ஒரு நிலையத்தில் கொம்பியூட்டர் படிக்கச் சேர்ந்த அந்த வருடத்தைப் பற்றி நாங்கள் ஒருநாளும் வாய் திறந்து கதைத்ததில்லை. இப்போது கதைக்கிறேன். வீட்டில் ஒரு கொம்பியூட்டர் இல்லாமல் இந்தப் படிப்புச் சரிவராது என்று வாத்தியார் சொன்னதாக வந்து சொன்னாய். பம்பலப்பிட்டிக் கடைகளில் விலையும் விசாரித்துக்கொண்டு வந்திருந்தாய். அந்த மாதம் எனக்குச் சீட்டு விழுந்திருந்தது, காசு கையில் இருந்தது. அப்பா கேட்ட முதல் கேள்வி, “இந்தப் பெரிய பெட்டியை ஆர் பிளேனில காவுறது?” நான் அப்போது அவருக்கு ஒரு ஏச்சு ஏசியிருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் ஏசுகிறவள்தானே நான். ஆனால் அன்றைக்கு அவர் பக்கம் சாய்ந்தேன். லெப்டொப் என்றால் சூட்கேசுக்குள் போகும், அது இங்கே கொள்ளை விலை, அண்ணா அங்கே வாங்கி ஆள் வரேக்க குடுத்துவிடுவான், பொறு பிள்ளை என்றேன். சீட்டுக் காசைப் பிளேன் ரிக்கற்றுக்கு என்று மடித்து வைத்தேன்.

முதலில் வருவதாக இருந்தவர் அண்ணாவின் சிநேகிதனின் தாய். இங்கே குண்டு வெடித்த செய்தி கேட்டு, நாட்டுநிலைமை சரியில்லை என்று ரிக்கற்றைத் தள்ளிப் போட்டுவிட்டார். பிறகு ஒரு கலியாணத்துக்கு ஒருவர் வந்தார். அவர் தங்கியிருந்த லொட்ஜுக்கு நீயும் நானும் ஓட்டோ பிடித்துப் போனோம். நீ அன்றைக்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தாய், எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. “அக்கா, குறை நினைக்காதேங்கோ. பெட்டி நிறை கூடிப்போச்சு, லெப்டொப்பை அங்கயே எடுத்து வைச்சிட்டன். இது உங்கட மகன் தந்துவிட்டது” என்று சொல்லி ஒரு பை சொக்கிலேற்றைத் தந்தார். நானும் பல்லைக் காட்டி நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்! வந்து ஒழுங்கை முழுக்கப் பங்கிட்டேன், கனடாச் சொக்கிலேற் என்று பெருமையோடு. நீ ஒன்றைக்கூடத் தொடவில்லை. கொழுப்பு என்று உன்னை ஏசினேன்.

நீ நெற் கபேயில் மணித்தியாலத்துக்குக் காசு கட்டிப் பயிற்சி செய்தாய். ஆமிச் சுற்றிவளைப்பு என்றால் அதைப் பூட்டிவிடுவார்கள், கரண்ட் போனால் செய்ததெல்லாம் அழிந்துவிடும். இருட்டினால் நான் வந்து வாசலில் நின்று, உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் கத்திக் கூட்டிக்கொண்டு போவேன். கடைசியில் வகுப்புச் சோதனையில் நீ தவறிவிட்டாய். “எனக்கு அந்தப் படிப்புப் பிடிக்கேல்லை அம்மா, விட்டிட்டன்” என்றாய். நான் நம்பினேன். நம்பியது எனக்கு வசதியாக இருந்தது, அதனால் நம்பினேன். அந்த லெப்டொப் வேறு ஒரு ஆளின் கையில் எங்களிடம் வந்து சேர்ந்தபோது உன் வகுப்புப் பிள்ளைகள் வேலைக்கே போகத் தொடங்கிவிட்டார்கள். விசாவையும் மறுத்துக் கடிதம் வந்தது. ரிக்கற்றுக்கு வைத்த சீட்டுக் காசு அரிசிக்கும் வாடகைக்கும் கரைந்தது. உன் வயதுப் பிள்ளைகள் காலி வீதியில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க வேலைக்குப் போவதைக் காணும்போதெல்லாம் நான் மற்றப் பக்கம் பார்ப்பேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க ஒருநாளும் மனம் வரவில்லை. இப்போது கேட்கிறேன்.

நீ என்ன செய்தாய்? அந்தப் பிந்தி வந்த லெப்டொப்பை வைத்துக்கொண்டு, ஒருவரும் சொல்லித் தராமல், பக்கம் அமைக்கப் பழகி, கொட்டாஞ்சேனைக்குத் தனியே போய், கதவு கதவாகக் கேட்டு வேலை எடுத்தாய். அங்கேதான் ரூபனையும் கண்டாய். மலையகத்துப் பொடியனா என்று அப்பா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். கனடாவிலேயே ஒரு மாப்பிள்ளை பார்க்கலாம், பொறு என்று நானும் சொன்னேன், பார்த்தாயா, அதற்கும் அதே சொல்தான். நல்லவேளை, அந்த ஒன்றில் நீ பொறுக்கவில்லை. உன் கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவை உன் வீட்டுக்கு வந்தபோது சின்னதாக ஒரு பிரிட்ஜ் நின்றது. சுவரில் ஆணி அடித்துப் படம் கொழுவியிருந்தாய். வாடகை வீட்டில் ஆணி அடிக்கலாமா என்று கேட்டேன். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஆகவே இப்போது யோசித்துச் சொல்கிறேன், கேள். வாங்கு. அண்ணா நல்லவன், அவன் மனதறிந்து ஏமாற்றுகிறவன் இல்லை. ஆனால் அவனுக்கு வேலை, பிள்ளைகள், பனி. அவன் கொடுத்துவிடுவதற்கு ஒரு ஆள் வர வேண்டும், அந்த ஆள் வருவதற்கு இங்கே சண்டை ஓய வேண்டும். சண்டை ஓய்வதைப் பார்த்து உன் பிள்ளை பிறக்காமல் இருக்குமா? புது மொடல் வரும், விலை இறங்கும் என்று யாராவது சொல்வார்கள். இறங்கட்டும். மலிவாகக் கிடைக்கும் என்று காத்திருந்து நான் உன் படிப்பைக் கொடுத்தேன், அதைவிட விலைகூடின சாமான் இந்தக் கொழும்பில் எங்கே விற்கிறார்கள்? பில்லைப் பத்திரமாகப் பைக்குள்ளேயே வைத்திரு, மறித்தால் கேட்பார்கள். பற்றறியை நிரப்பாமல் வெளியே இறங்காதே. பிள்ளை பிறந்தால் மெத்தைப் பொலித்தீனைக் கிழித்து எறிந்துவிட்டுக் கிடத்து. அது ஒன்று கேட்டால், ஓம் அல்லது இல்லை, இரண்டில் ஒன்றைச் சொல். பொறு என்று மட்டும் சொல்லி வளர்க்காதே.

இவ்வளவும் எழுதிக்கொண்டு இருக்கும்போது வாசலில் சத்தம் கேட்டது. ரூபன். தான் வேலை செய்யும் புறக்கோட்டைக் கடையிலிருந்து இந்தப் பக்கம் யாருக்கோ ஃபான் ஒன்று பூட்ட வந்தாராம். “மாமி, பசிக்குது, ஏதாச்சும் இருக்கா?” என்று உரிமையோடு வந்து இருந்தார். சோறு போட்டேன். இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன், ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “தம்பி, லெப்டொப்பை வாங்கச் சொல்லுங்கோ அவளை. நான் அண்டைக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன்” என்றேன்.

அவர் சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தார். “மாமி, அது சனிக்கிழமையே வாங்கியாச்சே!” என்றார். சொன்ன பிறகுதான், சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது அவருக்கு விளங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“சனிக்கிழமையோ? ஞாயிற்றுக்கிழமையல்லோ என்னட்டைக் கேட்டவள்?”

“ஆமா மாமி. வாங்கிட்டு வந்து மேசைல வச்சு, ‘இருங்க, அம்மாகிட்டக் கேக்கப் போறேன், என்ன சொல்றாங்கன்னு பாப்போம்’னு சிரிச்சுக்கிட்டுத்தான் போன் எடுத்தா. வச்ச பொறகு, அம்மா வந்தா அத எடுத்து அலமாரிக்குள்ள வச்சிருங்கன்னு மட்டும் சொன்னா. என்னைக் காட்டிக் குடுத்துறாதீங்க மாமி.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். பெற்ற தாயைச் சோதித்துப் பார்க்கிறாயா என்று. ரூபன் கைகழுவிவிட்டு, கடிதத்தைத் தாருங்கள் என்று கேட்டார். இன்னும் முடிக்கவில்லை, தபாலில் போடுகிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தபோது கோபம் போய்விட்டது. நீ சோதிக்கவில்லை. உனக்கு என்னுடைய அனுமதி தேவைப்படவில்லை, காசும் தேவைப்படவில்லை. புதுச் சாமானை மேசையில் வைத்துக்கொண்டு, இந்த ஒரு தடவையாவது அம்மா வாங்கு என்று சொல்லுவாள் என்று ஆசைப்பட்டாய். சொல்லியிருந்தால் “வாங்கிட்டன் அம்மா!” என்று கத்தியிருப்பாய். நானும் சிரித்திருப்பேன். அந்தச் சந்தோசத்தை உனக்குத் தர எனக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது, அந்த ஒரு சொல் என் வாயில் இல்லாமல் போய்விட்டது. என்னை ஏமாற்றியதாக நினைத்து நீ ஒளித்து வைத்திருக்கிறாய். தாய்க்குப் பயந்து, நல்ல காரியத்தை ஒளிக்கிற பிள்ளையாக உன்னை நான்தான் ஆக்கினேன்.

எழுதியதைக் கிழிக்கப் பார்த்தேன். ஏற்கெனவே வாங்கிய ஒருத்திக்கு வாங்கு என்று இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் ஒன்றையும் வெட்டாமல் அப்படியே அனுப்புகிறேன், பிந்தினாலும் என் கையெழுத்தில் உன்னிடம் இருக்கட்டும். ரூபனை ஏசாதே, அவர் பாவம், பசியில் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வருகிறேன். அதை அலமாரிக்குள் வைக்காதே பிள்ளை. மேசையிலேயே இருக்கட்டும்.

அம்மா